சபதமும் தொழிலும்: கே.பி. சுந்தராம்பாளின் திரைவாழ்வு

கிட்டப்பாவின் பெயரைத் தொடாமல் கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரை ஒன்றைக் காண்பது அரிது. கொடுமுடியில் 1908இல் பிறந்த ஏழைச் சிறுமி, மேடையில் பெயர் வாங்கிய இளம்பாடகி, இலங்கையில் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்து மணந்தவர், 25 வயதில் அவரை இழந்து வெள்ளைச் சேலைக்கு மாறியவர், இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் செய்தவர், கடைசியில் ஔவையாராகவே மக்கள் மனத்தில் நின்றுவிட்டவர்: கதை இப்படித்தான் ஓடும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கதையில் சுந்தராம்பாள் எதையும் செய்வதில்லை. எல்லாமே அவருக்கு நேர்கின்றன. காதல் நேர்கிறது, சாவு நேர்கிறது, பக்தி நேர்கிறது, சினிமாகூட யாரோ வற்புறுத்தியதால் நேர்கிறது. 1935இல் ஒரே படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கியவர், 1970கள் வரை தம் குரலோடும் தம் முகத்தோடும் திரையில் தோன்றியவர், நடுவில் சட்ட மேலவையிலும் அமர்ந்தவர் என்ற ஒருவரின் தொழில்வாழ்க்கையை இந்தக் கண்ணீர்க் கதையால் விளக்க முடியாது. இன்று நான் நிறுவ முயல்வது இதைத்தான்: அவருடைய தொழிலை முடக்கியதாக நாம் நினைக்கும் அந்தச் சபதத்தின் மேல்தான் அவருடைய திரைத்தொழில் முழுவதும் கட்டப்பட்டது. அதைத் துறவு என்று மட்டும் படிக்கிறவர்கள் ஒரு தொழிலாளியின் அறிவைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

முதலில் அவர் எந்தப் பட்டறையிலிருந்து வந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து, குழந்தை வேடங்களில் தொடங்கி வளர்ந்தவர் அவர். 1920களில் தென்னாட்டிலும் இலங்கையிலும் செல்வாக்கோடு நடந்தவை 'ஸ்பெஷல் நாடகங்கள்'. நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. காண்டிராக்டர் ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட்டையும் இன்னோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட்டையும் ஒப்பந்தம் செய்வார், ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்', 'கோவலன்', 'பவளக்கொடி' எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் மேடையில்தான் சந்திப்பார்கள். சந்திப்பு என்பதைவிட மோதல் என்பது பொருந்தும். ஒருவர் ஒரு ராகத்தில் பாட்டை எடுத்தால் மற்றவர் அதே ராகத்தில் எதிர்க்கேள்வி போட வேண்டும். சுருதி இறக்கிப் பாடினால் கூட்டம் சிரிக்கும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், விடியும் வரைக்கும், கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் சொல் தெளிவாகக் கேட்டாக வேண்டும். சுந்தராம்பாளின் குரலைப் பற்றி நாம் வியந்து சொல்லும் உச்சஸ்தாயி, திறந்த தொண்டை, விருத்தத்தில் எழுத்து உடையாத உச்சரிப்பு எல்லாம் இந்தப் போட்டியில் சம்பாதித்தவை. அவற்றைத் தெய்வம் கொடுத்த வரம் என்று சொல்லி முடித்துக்கொள்வது அந்த இரவுகளின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதாகும்.

அந்த மேடைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வேடத்தின் பாலும் நடிப்பவரின் பாலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் தமயந்தியாகவும் வள்ளியாகவும் வந்தார்கள். கும்பகோணம் பாலாமணியின் குழுவில் எல்லா வேடங்களையும் பெண்களே ஏற்றார்கள். சுந்தராம்பாளும் ஆண்வேடங்கள் கட்டிப் பழகியவர். குரல் யாரென்று சொல்கிறதோ அவரே பாத்திரம். முகமும் உடலும் அதற்குப் பிறகுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அவருடைய முதல் படத்தின் அமைப்பு விசித்திரமாகத் தெரியாது.

கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தார். 1906இல் பிறந்தவர், முப்பதைத் தொடவில்லை. 1926 வாக்கில் இலங்கையில் தொடங்கிய அவர்களது மேடைக்கூட்டு அதற்குள் தமிழ் நாடக உலகின் மிகப்பெரிய வசூல் ஜோடியாகிவிட்டிருந்தது. மணவாழ்க்கை அந்த அளவுக்குச் சீராக இல்லை; கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது, இருவரும் பிரிந்தும் வாழ்ந்தார்கள். அவர் இறந்தபின் சுந்தராம்பாள் செய்த சபதத்தின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். பாடமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நடிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஓர் ஆணுக்குக் காதலியாகவோ மனைவியாகவோ, ஜோடியாக நடிப்பதில்லை என்பதே அதன் எல்லை. அன்றைய சமூகம் கைம்பெண்ணிடம் எதிர்பார்த்தது இதைவிட மிக அதிகம்: வெளியே வராதே, குரல் காட்டாதே, மூலையில் இரு. அந்த எதிர்பார்ப்பின் அடையாளங்களான வெள்ளையையும் அணியின்மையையும் ஏற்றுக்கொண்டு, அதன் உள்ளடக்கத்தை அவர் ஏற்க மறுத்தார். வெள்ளைச் சேலையோடு அவர் போன இடம் வீட்டு மூலையன்று; கச்சேரி மேடையும் காங்கிரஸ் மேடையும் பிறகு படப்பிடிப்புத் தளமும்.

1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்துக்காகத் தயாரிப்பாளர் அசன்தாஸ் அவரை அணுகியபோது, தட்டிக்கழிக்கவே ஒரு லட்சம் கேட்டார், அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டதால் வேறு வழியில்லாமல் நடித்தார் என்று கதை சொல்வார்கள். இந்தக் கதை சுவையானதுதான், ஆனால் அதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. நாடகக் காண்டிராக்டர்களோடு பத்தாண்டுகள் பேரம் பேசியவருக்குத் தம் குரலின் சந்தை மதிப்பு தெரிந்திருக்காது என்று நம்புவது கடினம். தொகையைக் காட்டிலும் முக்கியம் அவர் ஏற்ற வேடம். நந்தன் ஓர் ஆண். அவனுக்கு இந்தக் கதையில் காதலி இல்லை. எதிரில் நிற்பவர் வேதியர். அந்த வேடத்துக்கு வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர், அன்றைய கர்நாடக இசையின் முன்னணி வித்வான். ஆக, ஆணோடு ஜோடியில்லை என்ற நிபந்தனையும் காப்பாற்றப்பட்டது, ஒரு பெரும் பாடகரோடு எதிர்ப்பாட்டு நடத்தும் பழைய மேடைச் சுகமும் கிடைத்தது. சபதம் இல்லாதிருந்தால் அந்தக் காலத் தயாரிப்பாளர்கள் அவரை வள்ளியாக்கியிருப்பார்கள். யாரோ ஒரு நடிகர் கிட்டப்பாவின் இடத்தில் முருகனாக நிற்க, ஒவ்வொரு காட்சியிலும் கொட்டகை முழுக்க ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

படம் நன்றாக இருந்ததா என்று கேட்டால், அன்றே பலருக்குத் திருப்தியில்லை. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம் அதை எள்ளி நகையாடியது. மாணிக்லால் டாண்டன் இயக்கிய அந்தப் படத்தில் சினிமா என்ற கலைக்குரிய அசைவு குறைவு, பாட்டு மிகுதி என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1930களின் தமிழ்ப் பேசும்படத்தைக் காட்சிக்கலையின் அளவுகோலால் மட்டும் அளந்தால், மக்கள் ஏன் டிக்கெட் வாங்கினார்கள் என்பதே புரியாது. 1931இல் டி.பி. ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' தொடங்கி, படம் என்பது கிராமபோன் தட்டுக்கு முகம் வைத்தது போலத்தான் இருந்தது. பாடுபவரே நடிப்பார், காமிராவும் ஒலிப்பதிவும் ஒரே நேரத்தில் ஓடும், பக்கவாத்தியக்காரர்கள் சட்டத்துக்கு வெளியே, மரத்துக்குப் பின்னால் பதுங்கி வாசிப்பார்கள். நடிகைக்கு வயது சற்று முன்பின்னாக இருக்கலாம், உடல் கதைக்குப் பொருந்தாமல் இருக்கலாம், குரல் தவறக்கூடாது. பாடகி நடிகையாவதற்கு இதைவிட வசதியான காலம் வேறு இல்லை.

அந்தக் காலம் நீடிக்கவில்லை. 1938இல் ஏவி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடும் முறை தமிழுக்கு வந்தது. பத்து ஆண்டுகளுக்குள் அது விதியாகிவிட்டது. அதன்பிறகு பாடகி திரைக்குப் பின்னால் போனார், நடிகை முன்னால் நின்றார். ஒருத்தியிடம் இருந்த ஊதியமும் புகழும் இரண்டாகப் பிரிந்தன. இந்த மாற்றத்தில் கவிழ்ந்தவர்களின் பட்டியல் நீளமானது. ராஜலட்சுமி படமெடுத்து இயக்கவும் செய்தவர். 1940களிலேயே ஒளி மங்கிவிட்டது. என்.சி. வசந்தகோகிலம் 1951இல் இளம்வயதிலேயே மறைந்தார். எம்.எஸ். சுப்புலட்சுமி 'சேவாசதனம்' முதல் 'மீரா' வரை நடித்துவிட்டு, 1947இல் இந்தி 'மீரா'வோடு திரையை விட்டுக் கச்சேரிக்கே திரும்பினார். எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறையிலிருந்து 1947இல் வெளிவந்தபோது அவருடைய ரசிகர்கள் அப்படியே இருந்தார்கள், சினிமா மாறியிருந்தது. ஒலித்தட்டின் காலத்தில் முளைத்த பாடும் நட்சத்திரங்களில், 1970கள் வரை தம் பாட்டைத் தம் முகத்தோடு கொண்டுவந்து சேர்த்தவர் என்று சுந்தராம்பாளைத் தவிர யாரைச் சொல்வது?

இங்கே முதல் மறுப்பு எழும்: காரணம் குரல்தான், சபதமும் வெள்ளைச் சேலையும் அல்ல, அப்படியொரு குரல் இருந்தால் யாராக இருந்தாலும் நிலைத்திருப்பார்கள். இந்த மறுப்பு எளிதாகத் தோன்றினாலும் சான்றுகள் எதிர்த்திசையில் இருக்கின்றன. பாகவதரின் குரலையும் எம்.எஸ்.ஸின் குரலையும் குறை சொல்ல யாருக்கும் துணிவிராது. அவர்களை அது திரையில் காப்பாற்றவில்லை. இன்னும் சொன்னால், பின்னணிப் பாடல் முறைக்குச் சுந்தராம்பாளின் குரல் பாதகமானது. இரவல் குரல் எந்த முகத்துக்கும் பொருந்துமளவுக்கு இலகுவாக இருக்க வேண்டும். இருபது வயதுக் கதாநாயகி உதட்டை அசைத்தால் அவளே பாடுகிறாள் என்று தோன்ற வேண்டும். சுந்தராம்பாளின் குரலை வேறு யார் வாயில் வைத்தாலும் களவு பிடிபட்டுவிடும். ஒன்று அவர் தாமே தோன்ற வேண்டும், இல்லை பாடாமலே இருக்க வேண்டும். ஆனால் நாற்பதைக் கடந்த, கனத்த குரலுள்ள ஒரு பெண் தாமே தோன்றுவதற்கு எந்தக் கதையில் இடம்? அந்த இடத்தைத்தான் சபதம் வாங்கிக் கொடுத்தது.

அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். நந்தன் தீயில் புகுந்து பழைய உடலைக் களைந்து வெளிவருகிறவன். 1940இல் வந்த 'மணிமேகலை'யின் நாயகி, தன்னைத் துரத்தும் உதயகுமாரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறவள். 1953இல் ஜெமினி வெளியிட்ட 'ஔவையார்' படத்தின் ஔவை, கலியாணத்துக்கு நாள் குறித்த நிலையில் விநாயகரிடம் முதுமையை வேண்டிப் பெறுகிறவள். 1973இன் 'காரைக்கால் அம்மையார்', கணவனே காலில் விழுந்தபின் அவனுக்காகத் தாங்கிய தசையை உதறிப் பேய்வடிவம் கேட்கிறவள். நான்கு கதைகளிலும், பிறர் கண்ணுக்காக இருந்த உடலை விட்ட பிறகே பாத்திரத்துக்குச் சுதந்திரம் கிடைக்கிறது: கோயிலுக்குள் போக, பசித்தவர்க்குச் சோறிட, அரசர்களுக்கு அறிவுரை சொல்ல, ஆலங்காட்டில் பாட. தமிழ் மரபு பெண்ணுக்கு ஊர் சுற்றவும் உரக்கப் பேசவும் அனுமதி கொடுத்த வழிகளில் மிகப் பழையது இது: இளமையைக் கழற்றி வை, பிறகு பேசு. இந்த அனுமதியில் உள்ள அநியாயத்துக்குப் பின்னர் வருகிறேன். சுந்தராம்பாள் தம் சொந்த வாழ்க்கையில் வெளிப்படையாக அதே செயலைச் செய்து முடித்திருந்தார் என்பதே இங்கே முக்கியம். வேடத்துக்கும் வேடம் தாங்கியவருக்கும் இடையே பார்வையாளன் தாண்ட வேண்டிய பள்ளம் எதுவும் இல்லாமல் போயிற்று.

இதைப் படமெடுத்தவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். நந்தனாரை எள்ளி நகையாடிய அதே விகடனை நடத்திய எஸ்.எஸ். வாசன்தான் அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவரை ஔவையாராக்கினார் என்பது ஒரு வேடிக்கை. கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அந்தப் படத்தில் இளம் ஔவையாக வருபவர் குசலகுமாரி. வரம் கிடைத்து உருமாறிய பின்பே சுந்தராம்பாள் திரைக்கு வருகிறார். ஏ.பி. நாகராஜனின் 'காரைக்கால் அம்மையா'ரிலும் அதே ஏற்பாடு: இளம் புனிதவதி லட்சுமி, உருமாறிய அம்மையார் சுந்தராம்பாள். வயது காட்டும் ஒப்பனை வசதிக்காகச் செய்ததென்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் விளைவைப் பாருங்கள். மணம், கணவன், வீடு என்பவை எல்லாம் இன்னொரு நடிகையின் உடலில் நடந்து முடிந்துவிடுகின்றன. சபதம் தீண்டப்படாமல் நிற்கிறது. கதையின் பாட்டுக்குரிய பாதி முழுவதும் சுந்தராம்பாளுக்கு வந்துசேர்கிறது. நாகராஜன் சிறுவயதில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக்குழுவில் வளர்ந்தவர். பழைய மேடையின் குரலுக்குத் திரையில் எவ்வளவு நேரம் விடவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். 'திருவிளையாட'லில் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன முருகனை ஔவை சமாதானம் செய்யும் பகுதியில், கதை கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. 1965இல், வேகமான மெட்டுக்குப் பழகிப்போன கூட்டத்துக்கு முன், 56 வயதான ஒருவர் விருத்தத்தை இழுத்து நிறுத்திப் பாட, கொட்டகை பொறுமையாகக் கேட்டது. கே.வி. மகாதேவன் அந்தக் குரலைத் தம் இசைக்குழுவின் அளவுக்குச் சுருக்க முயலவில்லை, வழிவிட்டு ஒதுங்கினார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. ஒரு பெண்ணின் துயரத்தைத் தொழில்தந்திரமாக்கிக் கொச்சைப்படுத்துகிறீர்கள் என்பார்கள். துயரம் உண்மையென்றால் அது பயன்படக்கூடாது என்ற எண்ணம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆண் கலைஞர்களிடம் நாம் இந்தப் பிரிவினையைக் கோருவதில்லை. பக்தியையும் பணத்தையும் ஒருசேரக் கையாண்ட பாகவதர்கள் எத்தனையோ பேர், அவர்களுடைய பக்தி பொய் என்று யாரும் சொன்னதில்லை. சுந்தராம்பாளின் சபதம் மனதார எடுத்தது என்பதற்கு அவர் 1980இல் இறக்கும்வரை அதை மீறாததே சான்று. அதே சபதத்தின் எல்லைக்குள் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை அவர் கணக்கிட்டார் என்பதற்கும் சான்று உண்டு. 'மணிமேகலை'க்குப் பிறகு 'ஔவையார்' வரை பதின்மூன்று ஆண்டுகள், அதன்பின் 'பூம்புகார்' வரை பதினோரு ஆண்டுகள், அவர் படமில்லாமல் இருந்தார். வாய்ப்பு வந்ததையெல்லாம் ஏற்றவர் இப்படி இருந்திருக்க முடியாது. சினிமாவைத் தம் ஒரே பிழைப்பாக ஆக்கிக்கொள்ளாததால்தான் சினிமாவுக்கு நிபந்தனை விதிக்க முடிந்தது. கோயில் திருவிழாக் கச்சேரியும் இசைத்தட்டும் அவருக்குத் தனி வருமானம். அங்கே தயாரிப்பாளர் தயவும் இல்லை, ஜோடி நடிகரும் இல்லை.

அரசியலும் இந்தக் கணக்கில் சேரும். நாடகக் கலைஞர்களைத் தேசிய இயக்கத்துக்குள் கொண்டுவருவதில் காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி காட்டிய அக்கறை தெரிந்ததே. 1937 தேர்தலில் சுந்தராம்பாளின் பாட்டு காங்கிரசுக்குக் கூட்டம் சேர்த்தது. நாடகக்காரியை நாலுபேர் முன் மரியாதையோடு அழைக்கத் தயங்கிய காலம் அது. கதரில் நெய்த வெள்ளைச் சேலை அந்தத் தயக்கத்தைத் தீர்த்தது. கைம்மையின் நிறமும் தேசத்தின் துணியும் ஒன்றாகிவிட்டபின் அவரை மேடையேற்ற யாருக்கும் கூச்சமில்லை. 1951இல் சென்னைச் சட்ட மேலவைக்குச் சென்றார். திரைத்துறையிலிருந்து இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் கலைஞராக அவரைக் குறிப்பிடுவார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, எதிர்முகாமில் இருந்த மு. கருணாநிதி எழுதிய 'பூம்புகா'ரில் கவுந்தியடிகளாக நடித்தார். முருக பக்தையான காங்கிரஸ்காரர், திராவிட முன்னேற்றக் கழகத்து எழுத்தாளரின் வசனத்தில், சமணத் துறவி வேடத்தில்! இதைச் சாத்தியமாக்கியது கட்சிகளின் பெருந்தன்மை மட்டுமில்லை. கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் அந்தத் துறவிக்கு, எவரையும் அதட்டும் அதிகாரமுள்ள ஒரு பெண்குரல் தேவைப்பட்டது. அப்படியொரு குரலைக் கட்சி பார்த்துத் தேர்ந்தெடுக்க வசதி இல்லை. உருமாற்றக் கதை என்று நான் சொன்ன வரிசையில் கவுந்தி சேரமாட்டார். ஆனால் உடலால் அளக்கப்படாத பெண் என்ற வகையில் அவரும் அதே குடும்பம்தான்.

1969இல் வந்த 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. அந்தப் பிரிவில் முந்தைய ஆண்டு முதன்முதலாக விருது பெற்றவர் பி. சுசீலா. பின்னணி என்ற முறையே இல்லாத காலத்தில் தொடங்கி, அந்த முறையால் தம் தலைமுறை முழுவதும் ஓரங்கட்டப்பட்டதைப் பார்த்தவருக்கு, அதன் பெயரிலேயே பரிசு கொடுத்தார்கள். பாடி நடிப்பவரைக் குறிக்க அரசிடம் அதற்குள் வேறு பெட்டி இல்லாமல் போயிருந்தது. மறு ஆண்டு பத்மஸ்ரீயும் வந்தது.

இனி மூன்றாவது மறுப்பு. இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. பாதி ஒப்புக்கொள்ளவே வேண்டும். சபதம் அவருக்குத் திரையில் இடம் வாங்கித் தந்ததென்றால், அந்த இடம் எவ்வளவு குறுகியது? நாற்பதாண்டுக்கு அருகில் நீண்ட வாழ்வில் விரல்விட்டு எண்ணத்தக்க படங்கள், அவற்றிலும் மீண்டும் மீண்டும் அதே ஔவை. காண்டிராக்டரிடம் கறாராகக் கூலி பேசுகிற, தேர்தலுக்கு ஊர் ஊராகப் போகிற, சொந்தமாகச் சம்பாதித்துச் சொந்தமாக முடிவெடுக்கிற நடுவயதுப் பெண் என்று ஒரு பாத்திரத்தை எந்தத் தமிழ்ப்படமும் அவருக்கு எழுதவில்லை. அவர் அன்றாடம் அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். புனிதமானவளாக்கித்தான் கேட்போம் என்று சமூகம் விதித்த விலை இது. அவர் அதைக் கொடுத்தார். அந்த விலை நியாயமானதென்று ஆகிவிடாது. ஆனால் இந்தக் குற்றச்சாட்டைச் சபதத்தின் தலையில் ஏற்றினால் கணக்குத் தவறும். சபதம் செய்யாத பாடும் நடிகைகளுக்கு அதே நாற்பது வயதில் என்ன கிடைத்தது? பெரும்பாலோருக்குக் குறுகிய இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆண்களின் கதையும் இதில் பாடம் சொல்லும். பாகவதர் 1910இல் பிறந்தவர், சுந்தராம்பாளைவிட இரண்டு வயது இளையவர். 1952இல் 'அமரகவி'யில் அவர் இன்னும் காதல் நாயகன். கதாநாயகனாகவே இருக்க அவருக்கு உரிமை இருந்தது, வயதாக உரிமை இல்லை. படம் தோற்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 'ஔவையார்' வெளியாகி ஊர் ஊராக ஓடியது.